வளைவதானால் இப்போதே வளையட்டும்

உங்கள் கம்பெனியில் சென்ற வாரம் ஒரு தட்டு வளைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். மிஷினில் பிடித்திருந்த வரைக்கும் நேராக இருந்ததாம், கிளாம்பைத் தளர்த்தியதும் அப்பளம் மாதிரி எழும்பிக்கொண்டதாம். "பிடிச்சிருந்தப்ப நேராத்தான் சார் இருந்துச்சு" என்று ஆபரேட்டர் சொன்னதற்கு நீங்கள் எல்லோரும் சிரித்தீர்களாம். சிரிக்காதீர்கள். அவர் உண்மையைத்தான் சொன்னார். பிடித்திருக்கும்போது எல்லாமே நேராகத்தான் இருக்கும். நானே அப்படித்தான் இருந்தேன்.

இதற்கு நீங்கள் 'ரெசிடுவல் ஸ்ட்ரெஸ்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் சிவப்பும் நீலமுமாகப் படம் போட்டுக் காட்டுகிறீர்கள். நாங்கள் 'இழுப்பு' என்று சொல்வோம். இரும்புக்குள் இழுப்பு இருக்கிறது. கம்பியைத் தயாரிக்கும்போதே கொஞ்சம் வந்துவிடும். மழுங்கிய டூலை வைத்து ஒரே மூச்சில் ஆழமாக வெட்டினால் நாமும் நம் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றிவிடுவோம். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. ஒரு பக்கத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்தவுடன் மற்றப் பக்கம் தன் வேலையைக் காட்டும். நீங்கள் படம் போட்டாலும் போடாவிட்டாலும் வளைவது வளைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே படத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வளைந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நமக்குப் புத்தி தடுமாறும். அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ராணிப்பேட்டை, பம்பாய், கோயம்புத்தூர் என்று சுற்றினேன். நடுவில் கொஞ்ச காலம் ஒரு சர்க்கஸில் ஜெனரேட்டர் ஓட்டினேன். சிங்கத்துக்குத் தினமும் கறி போட்டார்கள், எங்களுக்குச் சில நாள் சோறு போட்டார்கள். எழுபதுகளின் நடுவில் திருநின்றவூரில் ஏதோ ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு ரயில் ஏறினேன். தூங்கிப்போய்த் திருவள்ளூரில் இறங்கினேன். திரும்பிப் போக டிக்கெட் இல்லை. அதனால் திருவள்ளூரிலேயே வேலை தேடினேன். என் வாழ்க்கையின் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கப்பட்டன.

காக்களூர் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. உள்ளே கம்பியைச் சுற்றவிட்டுக் கடைய ஒரு லேத், பள்ளம் வெட்ட ஒரு ஷேப்பர், சுவரோரம் வளைந்த கம்பிகளை அழுத்தி நிமிர்த்துவதற்கு ஒரு ஸ்க்ரூ பிரஸ். முதலாளி பெயர் வரதன். கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன்மார் கோயிலில் இருக்க, இவர் மட்டும் டிப்ளமா படித்துவிட்டு, நெற்றியில் திருமண்ணும் கையில் கிரீஸுமாக இரும்போடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். ஷேப்பரில் ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர். அவரை எல்லோரும் நைனா என்று கூப்பிட்டார்கள். அவரும் எல்லோரையும் நைனா என்றே கூப்பிட்டார். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பிடிபட எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

வரதன் என்னை விசாரித்தார். நான் வேலை பார்த்த ஊர்களைச் சொன்னேன்.

"எங்கேயுமே ஒரு வருஷம் தங்கலியா நீ?"

"இங்க தங்கறேனான்னு பாக்கலாம் சார்."

அவர் சிரித்துவிட்டார். அவருடைய லேத்தை ஓட்டிய டர்னர் அதற்கு முந்தின வாரம்தான் அம்பத்தூருக்கு ஓடியிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. சிரிப்பதைத் தவிர அவருக்கும் வேறு வழி இல்லை.

அப்போதுதான் செங்கம்மா உள்ளே வந்தார். நாற்பதைத் தாண்டியவர். கடம்பத்தூர்ப் பக்கம் நெல் பயிரிடுகிறவர். தோளில் கோணியில் சுற்றிய ஒரு கம்பி. அதைக் குழந்தையை இறக்குவது மாதிரி மெதுவாகத் தரையில் இறக்கினார்.

"சாமி, உங்க கம்பி. ஊருக்கு வந்து ஒடம்பு சரியில்லாம போய்டுச்சு. கூட்டிகினு வந்துட்டேன்."

அது அவருடைய கிணற்றுப் பம்பைச் சுழற்றும் கம்பி, அதாவது ஷாஃப்ட். பழையது உடைந்துபோய், இங்கே புதிதாகச் செய்து கொண்டுபோயிருக்கிறார். பம்பு நன்றாக ஓடி, பிறகு அதிர ஆரம்பித்து, கம்பியைத் தாங்கும் பேரிங் கை வைக்க முடியாமல் சுட்டு, கடைசியில் நின்றுவிட்டது. நான் அதை லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். வளைவைக் காட்டும் டயல் கேஜின் முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது.

"இங்கேருந்து போறச்சே நேரா இருந்ததே" என்றார் வரதன்.

"இருந்திச்சி சாமி. நானுந்தான் பாத்தேன். கண்ணாலத்துக்கு வந்த மாப்ள கணக்கா நேரா நின்னுச்சி. ஊட்டுக்கு வந்தப்பறந்தான் கொணம் தெரிஞ்சுது."

நைனா ஷேப்பரை நிறுத்திவிட்டு வந்தார். "பஸ்ல போட்டு எட்துகினு போனீங்களே, அதுல வளைஞ்சிருக்கும்மா."

"பஸ்ல நானுந்தான் போனேன். நான் வளைஞ்சா கீறேன்?"

நைனா ஷேப்பருக்கே திரும்பிப் போனார்.

விஷயம் சிரிப்பாக இல்லை. செங்கம்மாவின் நெல் பால் பிடிக்கும் நேரம். அந்தச் சமயத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகப் போய்விடும். வயலில் மண் வெடிக்க ஆரம்பித்துவிட்டது என்றார். பக்கத்து வயல் அவருடைய கொழுந்தனுடையது. அவர் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடுகிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆனால் கணவர் இறந்து நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து இவரும் கொழுந்தனும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

"அவருகிட்ட போயி தண்ணி கேக்கறதுக்கு, நான் கெணத்துல குதிப்பேன்" என்றார். பிறகு, "கெணத்துலயும் கயுத்தளவு தண்ணிதான் கீது" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் ஷாஃப்ட் தயாராக வேண்டும். வரதன் கைவசம் இருந்த ஒரு பிரைட் பாரை எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று, கிட்டத்தட்ட சரியான பருமனில் இருக்கும் கம்பி. அதிகம் கடைய வேண்டாம் என்பதால் அவசரத்துக்கு எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். நான் அளவுக்குக் கடைந்தேன். முதல் நாள் வேலை அல்லவா, கண்ணாடி போலவே கடைந்து வைத்தேன். முள் அசையவில்லை. நைனா அதை வாங்கிக்கொண்டு போய்ப் பெல்ட் மாட்டும் சக்கரமான புல்லி வழுக்காமல் பிடிப்பதற்கான கீவேயை வெட்டினார். கம்பியில் நீளவாக்கில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். பெல்ட்டுக்கு ஏற்றபடி புல்லியைத் தள்ளி வைக்க வேண்டும் என்பதால் இந்தப் பம்புக்குப் பள்ளம் நீளமாக வேண்டியிருந்தது.

வெட்டி முடித்ததும் மறுபடி லேத்தில் மாட்டிச் சுற்றினேன். முள் ஆடியது.

நைனாவுக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை. "அது அப்படித்தான் நைனா. கீவே வெட்னா கோணும். பிரஸ்ல ரெண்டு அமுக்கு அமுக்கினா சரியாப் போய்டும்" என்று கம்பிக்குக் கை நீட்டினார். முந்தின ஷாஃப்டையும் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். இவர்கள் மட்டுமல்ல, நான் வேலை பார்த்த எல்லா ஊர்களிலும் இதுதான் வழக்கம். வளைந்தால் அமுக்கு, முள் நின்றால் அனுப்பு. அமுக்குகிறபோது பழைய இழுப்பு போவதில்லை, அதன்மேல் இன்னொரு இழுப்பு ஏறுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற வரைக்கும் கம்பி நேர். பம்பில் மாட்டி அதிர அதிர ஓட்டினால் எது எப்போது கையை விடும் என்று யாருக்கும் தெரியாது.

நான் கம்பியைக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து அரை நாள்கூட ஆகாதவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நைனா மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பார்ப்பதற்கு இரண்டு பேர் உலக்கைக்குச் சண்டை போடுவது மாதிரி இருந்திருக்கும். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்த செங்கம்மா, "யாராச்சும் ஒருத்தரு உடுங்க. அதுவும் ஒடஞ்சிடப் போவுது" என்றார்.

வரதன் என்னைக் கொட்டகைக்கு வெளியே அழைத்துப் போனார்.

"என்ன பண்ணணும்கற?"

"இந்தப் பளபளப்புக் கம்பி ஆவாது சார். பிளாக் பாரு பெருசா ஒண்ணு எடுத்து, மேலோட்டமா கடைஞ்சி, மொதல்ல கீவேய வெட்டிடணும். அப்பறம் காய்ச்சி மெதுவா ஆறவுடணும். எவ்ளோ வளையணுமோ வளைஞ்சிக்கட்டும். அதுக்கப்பறம் கடைசி அளவுக்குக் கடையலாம்."

"எப்போ கெடைக்கும்?"

"நாளைக்கு மதியம்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். செங்கம்மா எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையே அமுக்கிக் குடுத்தா நிக்காதுன்னு நிச்சயமாத் தெரியுமா நோக்கு?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், தம்பிகளே. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அமுக்கிக் கொடுத்த ஷாஃப்ட்கள் வருடக்கணக்கில் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். முந்தினது திரும்பி வந்ததற்கு வேறு காரணம்கூட இருக்கலாம். 'நிச்சயம் சார்' என்று சொல்லியிருந்தால் என் பேச்சு எடுபட்டிருக்கும். ஆனால் அது பொய்.

"தெரியாது சார். நிக்கலாம், நிக்காமலும் போவலாம். நிக்கலன்னா நமக்கு ஒரு கம்பி நஷ்டம். அந்தக்காவுக்கு ஒரு போகம் நஷ்டம். அவங்க நெலத்த வச்சி நாம பந்தயம் கட்டறோம்."

வரதன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்தார், துடைக்கத் துணி இல்லாததால் வேட்டியிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் அவரே செங்கம்மாவிடம் சொன்னார். என்னைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எத்தனையோ முதலாளிகளிடம் வேலை பார்த்தேன், கெட்ட செய்தியைத் தானே எடுத்துக்கொண்டு போனவர்களை அதிகம் பார்க்கவில்லை.

"செங்கம்மா, இன்னிக்கு முடியாது. நாளைக்கு மத்தியானம் தரேன். இதை இப்போ தட்டிக் குடுக்கலாம். ஆனா நிக்கும்னு என்னால சொல்ல முடியல."

செங்கம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது.

"இன்னா டர்னரே, நேரா கீற கம்பில ஒரு பள்ளம் வெட்னா அது ஏன் கோணுது?"

எனக்குத் தெரிந்த விதத்தில் சொன்னேன். "கயித்துக் கட்டில் கீது இல்லக்கா? எல்லாக் கயிறும் ஒரே மாதிரி இழுத்துகினு இருக்கற வரைக்கும் சட்டம் ஒழுங்கா நிக்கும். ஒரு பக்கத்துக் கயித்த அறுத்துட்டா, மத்த கயிறு சட்டத்தக் கோணலாக்கிடும். இந்தக் கம்பியும் அப்படித்தான்."

"அப்ப கயிற திரும்பக் கட்டணும். சட்டத்த ஒதைச்சி நிமித்தறதுக்கா பிரஸ்ஸு வச்சிகினு கீறீங்க?"

நைனா ஷேப்பரின் பக்கம் திரும்பி, இல்லாத தூசியைத் தட்ட ஆரம்பித்தார்.

செங்கம்மா எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "நாளைக்கி மதியத்துக்கு நீங்களே எட்துகினு வந்து மாட்டிக் குடுங்க. நேரா கீறதுன்னா வாங்க. கோணலா கீறதுன்னா ஊட்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஒரு நாளைக்குத் தண்ணீருக்கு என்ன செய்வார் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

அன்று மாலை வரைக்கும் வேலை செய்தோம். நைனாவிடம் ஒரு நல்ல குணம். தோற்றுவிட்டால் அதை முகத்தில் காட்ட மாட்டார், வேலையில் காட்டுவார். டூலை உரசிக் கூர்மையாக்கி, நகம் வெட்டுவது மாதிரி துளித் துளியாகக் கீவேயை வெட்டினார். "இன்னா நைனா, இந்த வேகம் போதுமா? இல்ல, கொஞ்சம் தாலாட்டணுமா?" என்று நடுவில் என்னைக் கேட்டார். பக்கத்துக் கொல்லுப் பட்டறை உலையில் காய்ச்சினோம். காய்ச்சிய கம்பி காற்றுப் பட்டு வேகமாக ஆறினால் காய்ச்சியதற்கே அர்த்தமில்லை. அரிசி மில்லிலிருந்து உமிச் சாம்பல் ஒரு பீப்பாய் கொண்டுவந்து அதற்குள் கம்பியை நிறுத்திப் புதைத்தோம். நான் அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். காவலுக்கு அல்ல. எனக்கு வேறு இடம் இல்லை, சாம்பல் கதகதப்பாக இருந்தது.

காலையில் கம்பியைச் சாம்பலிலிருந்து உருவி லேத்தில் மாட்டினேன். நாஷ்டா பொட்டலத்தோடு வந்த நைனா முள்ளைப் பார்த்தார்.

"வளைஞ்சி கீது நைனா. இப்ப சந்தோசமா?"

"சந்தோசம். இன்னும் கொஞ்சம் வளைஞ்சிருந்தாலும் சந்தோசந்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் அதுதான் விஷயம். மேலே கடைந்து எடுக்க இரும்பு மிச்சமிருக்கும்போது வளைந்தால், வளைவையும் சேர்த்துக் கடைந்து எறிந்துவிடலாம். கடைசி அளவுக்கு வந்த பிறகு வளைந்தால், அழுவதற்குக்கூட இரும்பு இருக்காது. வளைவதானால் இப்போதே, நம் கையில் இருக்கும்போதே வளையட்டும். உங்கள் புத்தகத்தில் இதைப் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். படியுங்கள், தப்பில்லை.

மெல்லிய வெட்டுகளாக எடுத்துக் கடைந்து முடித்தேன். முள் நின்றது. கழற்றி வைத்து, மூன்று பேரும் நாஷ்டாவைச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி மாட்டிப் பார்த்தோம். அப்போதும் நின்றது. வரதன் இன்னொரு இட்லி எடுத்துக்கொண்டார்.

கோணியில் சுற்றிக்கொண்டு ரயிலில் கடம்பத்தூர் போனேன். எதிரில் இருந்தவர், "இன்னாபா, துப்பாக்கியா?" என்றார். "பம்பு ஷாஃப்டு" என்றேன். அவருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

வயலுக்குப் போனபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஈரம். செங்கம்மாவின் வயலில் வெடிப்புகள் மூடி, மண் கறுத்திருந்தது. கிணற்று மேட்டில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் கொழுந்தன் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஏனென்றால் செங்கம்மா அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஷாஃப்டை மாட்டும்போது கொழுந்தன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"நேத்து எங்க அண்ணி வந்தாங்கபா. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. என் மாட்டாண்ட போயி நின்னுகினு, 'ஏ மாடே, எங்க நெலம் காயுது'ன்னாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நானும் மாட்டாண்டதான் சொன்னேன். 'மடைய தொறந்துக்கச் சொல்லு'ன்னு. என் கெணத்துல இருந்த தண்ணிய அப்படியே திருப்பி உட்டுட்டேன். என்னுது இன்னிக்கி காயுது. ஒரு நாளு தாங்கும்."

"டர்னரே" என்று செங்கம்மாவின் குரல் வந்தது. "வேல நடக்குதா, கதை நடக்குதா? பக்கத்துல கீறவருகிட்டயும் கேளு."

"ரெண்டும் நடக்குதுன்னு சொல்லுபா" என்றார் கொழுந்தன்.

இரண்டு பேருக்கும் நடுவில் எட்டடி தூரம்கூட இல்லை. நான் ஒரு தபால்காரனாகக் குனிந்து நிமிர்ந்து ஷாஃப்டை மாட்டி முடித்தேன். பெல்ட்டைப் போட்டேன். செங்கம்மா சுவிட்சைப் போட்டார். பம்பு கொஞ்சம் இருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது. நான் பேரிங்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிர்வு ஏதும் வருகிறதா, சூடு ஏறுகிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். அவர்கள் இரண்டு பேரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கையை அவ்வளவு மரியாதையாக அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

தண்ணீர் தொட்டி நிரம்பி வாய்க்காலில் இறங்கி நெடுநேரம் ஓடியது. பேரிங் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை.

"சுடுதா?" என்றார் செங்கம்மா.

"இல்லக்கா."

"நல்லா வச்சிப் பாரு."

"நல்லாத்தான் வச்சிகினு கீறேன். சுடல."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பிரியும் இடத்துக்கு நடந்தார். அங்கே வலப்பக்கம் அவருடைய வயல், இடப்பக்கம் கொழுந்தனுடையது. வலப்பக்கத்து மடையில் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தார். மிதித்து இறுக்கினார். பிறகு நிமிர்ந்து, மாட்டைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், நேராக அவரைப் பார்த்தார்.

"இன்னாபா பாத்துகினு நிக்கற? உன் பக்கத்து மடைய தொற."